ஜெர்மனி நான், பிரான்ஸ் நீ

1.
இந்தக் கதை ஒரு பாட்லக் பட்டியலில் பிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரீமான்ட்டில் குடியேறிய நாங்கள் கூடிச் சாப்பிடுவதென்றால், யார் எதைக் கொண்டுவருவது என்று வாட்ஸாப்பில் முன்பே பிரித்துக்கொள்வோம். இல்லாவிட்டால் பதினோரு குடும்பம், பதினோரு தயிர் சாதம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தின் அமலாக்கத்தைச் சீர்திருத்த வேண்டிய இன்றைய சூழலில்…' (அடித்துவிட்டேன். நீங்கள் ஓடியே போயிருப்பீர்கள்.)

2.
ப்ரியம்வதாவும் ஹாமித்தும் சிப் சோதிக்கும் கருவிகளை ஐரோப்பாவுக்கு விற்பவர்கள். நண்பர்கள்தான், ஆனால் வேலை போட்டி நிறுவனங்களில். ஒருநாள் அவள் அவனுக்கு எழுதினாள்: "தயிர் சாதம் நான், பிரியாணி நீ." பழக்க தோஷம், விரல் நிற்கவில்லை. "ஜெர்மனி நான், பிரான்ஸ் நீ." அவன் கட்டைவிரலை உயர்த்தினான். விளையாட்டாகச் சொன்னது எட்டு மாதம் அப்படியே நடந்தது, ஒருவர் நாட்டில் மற்றவர் விற்கவில்லை. போட்டி நிறுவனங்கள் இப்படிச் சந்தையைப் பங்கு போடுவது ஐரோப்பாவில் பெரிய குற்றம்.

3.
(கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்த ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தில் அதிகாரிகள் அலுவலகங்களில் சோதனை போடும் விதிகள் அலமாரியும் ஃபைலுமாக இருந்த காலத்தவை. இப்போது ஆதாரமெல்லாம் போனில் இருப்பதால் விதிகளைத் திருத்தச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஆணையும் இல்லாமல் ப்ரியம்வதாவின் போனை நான் படித்தாகிவிட்டதே. முதலில் எழுத்தாளர்களைத்தான் சீர்திருத்த வேண்டும்.

4.
இந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு அபராதம் முழுக்கத் தள்ளுபடி. பிந்தியவர் மாட்டிக்கொள்வார், அவர் வேலையும் போகும். ஒப்புக்கொள்ளப் போவதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, விட்டால் சலுகை போச்சு. இருவருக்குமே இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. வேலை போனால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும்.

முடிவு அ: அவள் சத்தமில்லாமல் கம்பெனி வக்கீலைக் கூப்பிடுகிறாள். (எனக்கு அவளைப் பிடிக்காமல் போகிறது.)
முடிவு ஆ: இருவரும் கைகோத்து, ஐரோப்பிய அதிகாரிகள் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்… (வேண்டாம், எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

5.
சனிக்கிழமை மதியம், ஏரிக்கரைப் பூங்கா, பாட்லக்.

"என்னாச்சு ப்ரியா, சாப்பிடவே இல்ல?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஹாமித். ஆனா சொல்லக் கூடாது."

அவன் தட்டைக் கீழே வைத்தான். "எனக்கும் அதேதான். எங்க லாயர் மூச்சுவிடாதன்னு வார்ன் பண்ணியிருக்கார்."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள், கண்ணில் நீர் வரும்வரை. சிரித்துக்கொண்டே இருவரும் அவரவர் வக்கீலைக் கூப்பிடப் போனை எடுத்தார்கள்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். இருவரும் நான் பெற்றவர்கள், இருவரும் எனக்கு வேண்டும். யார் முந்தினார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மற்றவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.