டீ குடித்த வீடியோ கேம்

சரிவான பலகையின் மேல் டீ கிளாஸை வைத்தால் நிற்காது. ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த இந்த விஷயம், மேற்கு மாம்பலத்தில் பதினொரு வருடமாக டி.வி. ரிப்பேர் கடை நடத்தும் ஸ்ரீநாத்துக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தால்தான் நிபுணன் மாதிரி இருக்கும் என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தோன்றிவிட்டது. கண்ணைச் சுருக்கி, எதிரே நின்ற ஆளுயர வீடியோ கேம் பெட்டியை உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். பார்வை பாதி வழியில் இருக்கும்போதே கிளாஸ் சறுக்கியது. முக்கால் கிளாஸ் டீ, விளையாடுகிறவர்கள் பிடித்துத் திருகும் கைப்பிடியைச் சுற்றி வந்து, பட்டன்களின் இடுக்கு வழியாகப் பெட்டிக்குள் இறங்கிப் போயிற்று.

"நல்ல வேளை, சக்கரை கம்மியா போடச் சொன்னேன்," என்றான் ஸ்ரீநாத்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. கடைக்காரர் நூர் முஹம்மது தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு ஓடி வந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகளுக்குப் பின்னால் இருந்த அவருடைய வீடியோ கேம் கடை, அந்தத் தொண்ணூற்றாறில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. பையன்களெல்லாம் வீட்டு டி.வி.யிலேயே கேம் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மாதக் கடைசியில் கடையைக் காலி செய்தாக வேண்டும். மிஞ்சியிருந்தது இந்த ஒரு பெட்டிதான்.

வாங்க வந்தவர் கனகராஜ். தியாகராய நகரில் சேலைக் கடை. பிள்ளைகள் மாடியில் விளையாடிக்கொண்டிருந்தால் தாய்மார்கள் கீழே அவசரப்படாமல் சேலை பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவர் வீட்டு டி.வி.யைச் சரிசெய்யப் போன இடத்தில், "வீடியோ கேமா, அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்று ஸ்ரீநாத் சொல்லிவைத்திருந்தான். உண்மையில், இந்த மாதிரிப் பெட்டி ஒன்றை அவன் பின்பக்கமிருந்து பார்த்ததே கிடையாது.

பாய் துடைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. இன்னொரு தரம் போட்டார். ஒரு முனகல்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமைகூட ஓடுச்சு நைனா," என்றார் பாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வருத்தமாகச் சொன்னார்.

"என்ன தம்பி, பாக்கச் சொல்லிக் கூட்டியாந்தா குளிப்பாட்டி விட்டுட்டீயளே," என்றார் கனகராஜ். "ஓடுனா எடுத்துக்கிடுதேன். ஓடலைன்னா எனக்கு வேண்டாம். பாய்க்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"நீங்க எடுக்கலைன்னா இது காயலான் கடைக்குத்தான் போவும்," என்றார் பாய், பெட்டியைத் தடவிக்கொண்டே.

ஸ்ரீநாத் பழக்க தோஷத்தில் கிளாஸை எடுத்து வாயில் வைத்தான். இருந்த டீயும் பெட்டிக்குள் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பின்கதவுக்குப் பூட்டு இல்லை, ஒரு கொடிக்கயிறு. அதை அவிழ்த்துத் தலையை உள்ளே விட்டான்.

முதல் செய்தி நல்ல செய்தியாக இருந்தது. டீ நேராகக் கீழே வழிந்து, அடிப்பலகையில் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. சர்க்யூட் போர்டு எதிர்ப்பக்கச் சுவரில், தூசி தட்டாமல், ஆனால் காய்ந்த சருகாக இருந்தது. தன்னைவிட டீக்குப் பொறுப்பு அதிகம் என்று ஸ்ரீநாத் நினைத்துக்கொண்டான்.

"போர்டுல ஒரு சொட்டுகூட படலை," என்று உள்ளிருந்தபடியே அறிவித்தான்.

"அப்ப ஏன் ஓடலை?" என்றார் கனகராஜ்.

நியாயமான கேள்வி. பதில் தேடி டார்ச்சைத் திருப்பியவன், கதவின் உட்பக்கத்தில் கண் பட்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

உச்சியில் ஒரு நாமம். அதன் கீழே வரிசையாக நான்கு சந்தனப் பொட்டுகள், காய்ந்து உதிர்ந்து, நடுவில் குங்குமக் கறையோடு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்தது. பழையதைத் துடைக்காமல் அதற்குக் கீழேயே புதிதாக வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாலு பொட்டு, நாலு வருஷம். அதற்கும் கீழே ஆள் மாறியிருந்தது. மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை, பக்கத்தில் மூன்று பொட்டு. அதற்கும் கீழே 786 என்று பச்சையில் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர்.

டி.வி. பெட்டிகள் இப்படியெல்லாம் கதை சொல்லாது. டீ, பயம், கனகராஜ் எல்லாம் அவனுக்குக் கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

"பாய், ஒரே ஓனர்னு சொன்னீங்களே?"

"இப்ப நான் ஒருத்தன்தானே?"

"உங்களுக்கு முன்னாடி நாமக்காரர் ஒருத்தர் நாலு வருஷம், பட்டை போட்டவர் ஒருத்தர் மூணு வருஷம் வெச்சிருந்திருக்காங்க."

"நான் வாங்கும்போது புதுசு மாதிரிதான் இருந்துச்சு," என்றார் பாய் அசையாமல்.

ஸ்ரீநாத் இன்னும் குனிந்தான். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் மேலும் ஐந்து பொட்டுகள் இருந்தன. கடைசிப் பொட்டு பளிச்சென்று, விரல் ரேகை தெரிகிற அளவுக்குப் புதிது. பாய் கடையில் ஐந்து வருஷமாக யாரோ பூஜை போட்டிருக்கிறார்கள்.

"இந்தப் பொட்டெல்லாம் யார் பாய் வெக்கறது?"

"பூஜை அன்னிக்கு யாரோ வெப்பாங்க. வேணாம்னா சொல்ல முடியும்?"

பதில் மாதிரியே இருந்தது, ஆனால் பதில் இல்லை. ஸ்ரீநாத் முன்பக்கம் வந்தான். இரண்டு பேர் ஆடுகிற பெட்டி அது. வலதுபக்க ஆளுக்கான பட்டன்கள் பெயிண்ட்கூடப் போகாமல் இருந்தன. இடதுபக்கம் சுடுகிற சிவப்புப் பட்டன், விரல் பட்டுப் பட்டு நடுவில் குழிந்து போயிருந்தது. கூட்டமாக வந்து ஆடிய தேய்மானம் இல்லை இது. ஒரே ஆள், ஒரே கட்டைவிரல், பல வருஷம். கீழே சிமெண்டுத் தரையில் ஒரு மரப்பெட்டியின் நான்கு மூலைத் தடம். ஆள் குள்ளம். பெட்டி போட்டு ஏறி நின்று ஆடியிருக்கிறார்.

"யாரு பாய் இங்க அதிகமா ஆடுவாங்க?"

"காலேஜ் பசங்க."

காலேஜ் பசங்களுக்கு எதற்கு மரப்பெட்டி? பட்டன் இடுக்கில் ஏதோ மினுங்கியது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் கிளறி உள்ளங்கையில் எடுத்தான். நகத்தளவு, கண்ணாடி மாதிரி, வட்டமாக ஒரு தகடு.

"சமிக்கி," என்றார் கனகராஜ் பார்த்த மாத்திரத்தில். முப்பது வருடச் சேலை அனுபவம். "யாரோ சேலையிலேருந்து விழுந்திருக்கு."

"இல்லை சார், இது மைக்கா," என்றான் ஸ்ரீநாத். பதினொரு வருட டி.வி. அனுபவம். "ட்ரான்சிஸ்டர்லேருந்து கரண்ட் வெளிய பாயாம இருக்க அடியில வெப்பாங்க."

"சமிக்கின்னா நடுவுல ஓட்டை இருக்கும்லா, இதுல காணோமே," என்று கனகராஜே சந்தேகப்பட்டார். இரண்டு நிபுணர்களும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

வாசலிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. காலி மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். இவர்கள் வந்தபோதும் அங்கேயேதான் நின்றிருந்தாள், யாரும் பார்க்கவில்லை. "சைவத்துக்கு ஒண்ணு, ஜவுளிக்கு ஒண்ணு, நல்லா வந்து சேர்ந்தீங்கபா. அது கொடுவா மீன் செதிலு. வஞ்சிரம்னா இவ்ளோ பெருசா இருக்குமா?"

"சும்மா இரு வேலம்மா," என்றார் பாய்.

மயிலாப்பூரில் பிறந்து, முப்பத்தாறு வயது வரை மீனைக் கோயில் குளத்தில் மட்டும் பார்த்திருந்த ஸ்ரீநாத், கையிலிருந்ததை முகர்ந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. பிறகு வேலம்மாவைப் பார்த்தான். ஐந்தடிக்கும் குறைவு. வலது கட்டைவிரலின் நுனி தட்டையாக, தோல் தடித்து இருந்தது. மறுபடி பின்பக்கம் போனான்.

கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ஒரு சின்ன கறுப்பு மூடி. கையாலேயே திருகலாம். திருகினான். உள்ளே கண்ணாடி ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி. எரிந்துபோன ஃபியூஸ்களை அவன் ஆயிரம் பார்த்திருக்கிறான். வெளிநடப்புச் செய்த ஃபியூஸை இப்போதுதான் பார்க்கிறான்.

"பாய், ஃபியூஸைக் கழட்டினீங்களா?"

"நான் எதுக்குக் கழட்டறேன்?" பாய் தயங்கினார். "உங்க கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் பாக்க வந்தாங்க. அன்னிக்கும் இப்படித்தான், உசுரே இல்ல. அவங்க போனப்புறம் சாயங்காலம் தானா ஓடுச்சு. மிஷினுக்கு இன்னாவோ மூடு."

"மூடு வர்ற மிசினை வாங்கி நான் என்ன செய்ய?" கனகராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, அஞ்சு நிமிசம் தாரேன். அதுக்குள்ள முடியலைன்னா நான் கிளம்புதேன்."

அஞ்சு நிமிஷம் தேவையில்லை. ஒரு ஒயரிலிருந்து ஒற்றை இழையைப் பிய்த்து அந்தக் குழிக்குள் சுற்றினால் பெட்டி எழுந்துகொள்ளும். டீ ஊற்றியவனே உயிரும் கொடுத்தான் என்று பேர் வாங்கலாம். ஸ்ரீநாத் ஒயரைக் கையில்கூட எடுத்துவிட்டான். எடுத்தவன் அப்படியே வாசலுக்குப் போனான்.

"இந்தப் பொட்டெல்லாம் நீங்க வெச்சதாம்மா?"

"மீன் விக்கறவளாண்ட வந்து மிஷினைப் பத்தி கேட்டுக்கினு கீறியே," என்றாள் வேலம்மா. "போய் வேலையைப் பாரு நைனா."

"மரப்பெட்டி மேல ஏறி நின்னு ஆடறது நீங்களா?"

"கூடையை எறக்கி வெக்க பெட்டி வேணாமா?"

"சரி, அதெல்லாம் சொல்ல வேண்டாம். இதை நான்தான் கொன்னுட்டேனா, அதை மட்டும் சொல்லுங்க. அந்த மனுஷன் மூஞ்சியை என்னால பார்க்க முடியலை."

வேலம்மா உள்ளே பார்த்தாள். நூர் முஹம்மது இன்னும் அந்தப் பலகையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன கண்ணாடிக் குழாயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ல நைனா. காலைல நான்தான் புடுங்கினேன், நீ வந்து டீ ஊத்தறதுக்கு முன்னாடியே. மொத ரெண்டு வாட்டியும் நான்தான். பாய் மேல கோவம் ஒண்ணியும் இல்ல. சேலை கடை மாடியில கூடையோட என்னை நிக்க வுடுவாங்களா? அஞ்சு வருசமா ஆடிக்கினு கீறேன், எட்டு ரவுண்டு வரிக்கும் போய்ட்டேன். ஒம்பதாவதுல இன்னா வருதுன்னு பாக்காம இந்த மிஷினை அனுப்ப எனக்கு மனசு வர்ல."