ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்

டெர்லிஸ் நிமியாவின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே பக்கத்து மதிலுக்கு மேலே டோன்யா ஒப்துலியாவின் தலை தெரிந்தது. துணி காயப்போடுகிற சாக்கில் அந்த அம்மாள் எப்போதும் அங்கேதான் நிற்பாள்.

“வாப்பா! இந்த வாரம் என்ன ரிப்பேரு?”

“இன்னிக்கு ரிப்பேர் இல்ல, டோன்யா. நிமியா புதுசு வாங்கிட்டா.”

“புதுசா? அடப்பாவமே, அப்ப இனிமே ஞாயித்துக்கிழமைல நான் யார வம்புக்கு இழுக்கிறது?”

அவன் சிரித்து வைத்தான். லூக்கே ஊரிலிருந்து பேருந்தில் வரும்போது வழியெல்லாம் அவனும் ஏறக்குறைய அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தான். அவனும் நிமியாவும் பிரிந்தபோது யாரும் தட்டை வீசி உடைக்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் முழுக்கத் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். அவன் லூக்கேயில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் நிமியாவின் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. பிறந்தநாள் கேக்கின் மேலே ஒட்டுகிற சர்க்கரைத் தாளில் குழந்தைகளின் படங்களை அச்சடித்துக் கொடுப்பது அவள் தொழில். கம்ப்யூட்டர் நின்றால் தொழில் நின்றுவிடும். கூப்பிடுவாள், வருவான். எந்த வேலையையும் அவன் அரைகுறையாக விட்டதில்லை. ஆனால் எப்போதும் சூடாகி நின்றுபோகிற அந்தப் பெட்டிக்குப் புது விசிறி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று அவன் ஒருமுறைகூடச் சொன்னதும் இல்லை.

உள்ளே புதியது மேசையில் உட்கார்ந்திருந்தது. பழையது தரையில் இருந்தது. நிமியா அதைத் துடைத்து வைத்திருந்தாள். தெரெரே என்கிற இலைத்தேநீருக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொம்புக் குவளையை அவனிடம் நீட்டினாள். டிசம்பர் மாதக் கோடை வெயிலில் தகரக் கூரை முறுக்கேறிச் சடசடத்துக்கொண்டிருந்தது.

பேருந்தில் தயார் செய்து வைத்திருந்ததை அவன் சொன்னான். “நிமியா, விண்டோஸ் மாறாது போலிருக்கு. கம்ப்யூட்டரோட சேந்து வர்ற லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடவே போயிடும். பழசையே இன்னொரு தடவ பாத்துத் தரட்டுமா?”

“சேந்து வரலையே. தனியா அட்டைப்பெட்டில வாங்கினோமே. கல்யாணம் ஆன வருஷம், உன் போனஸ்ல. நான் ஃபிரிட்ஜ் கேட்டேன். தனியா வாங்கினா நாளைக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம்னு கடைலயே நின்னு எனக்கு வகுப்பு எடுத்த.”

“ஆமால்ல.” அவன் காது சூடானது.

“உனக்கு இன்னும் பொய் சொல்ல வரல” என்று குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் அந்த லைசென்ஸ் இருக்கலாம். பழையது விட்டுக்கொடுத்தால்தான் புதியது எடுத்துக்கொள்ளும். அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழையதன் கறுப்புத் திரையில் ஒரு வரியை அடித்தான். அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

“என்ன, முடிஞ்சுதா?”

“என்டர் தட்டணும். தட்டினா இதுலேருந்து போயிடும்.”

“செத்துடுமா?”

“சாகாது. ஓடும். மூலைல மட்டும் ஒரு வரி வந்து நிக்கும், இதுக்கு லைசென்ஸ் இல்லன்னு.”

“லூக்கேல நீ ஓடுற மாதிரி.”

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கூரையின் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது.

“நீயே தட்டு” என்றான்.

“உன் காசுல வாங்கினது.”

“உன் வீட்டுல இருக்கறது.”

அவள் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஐஸ் ஈரம் காயாத விரலால் தட்டினாள். விசைப்பலகையில் ஒரு துளி நின்றது. திரையில் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. இவ்வளவு வருஷம் உள்ளே இருந்த ஒன்று கிளம்பிப் போகும்போது கொஞ்சமாவது சத்தம் கேட்க வேண்டாமா என்று அவனுக்குத் தோன்றியது. தான் பையோடு கிளம்பிய காலையும் நினைவுக்கு வந்தது. அன்றும் சத்தமே இல்லை.

புதிய கம்ப்யூட்டர் லைசென்ஸை இணையத்தின் வழியாக ஏற்க மறுத்தது. தொலைபேசியில் கேட்டுச் செய்யச் சொன்னது. அவன் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டான். மாட்ரிட்காரர்களின் மிடுக்கான உச்சரிப்பில் பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் பேசியது.

“ராணியம்மா வந்துட்டாங்க” என்றாள் நிமியா.

அவள் திரையிலிருந்த எண்களைப் படிக்க, அவன் தொலைபேசியில் அழுத்தினான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அவன் பின்தங்குவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு முறை அவசரப்பட்டாள். “மெதுவா, பொம்பள” என்றான். “உன் கை கிழவன் கை ஆயிடுச்சு” என்றாள். அந்த வீட்டில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவர்கள் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, பேசியது வெறும் எண்கள்தான் என்றாலும்.

குரல் கேட்டது: இந்த உரிமம் இப்போது எத்தனை கம்ப்யூட்டர்களில் பயன்பாட்டில் இருக்கிறது?

அவன் விரல் அசையவில்லை. குரல் அதே மரியாதையோடு மறுபடியும் கேட்டது.

“ஒண்ணுன்னு சொல்லேன். இதுக்கு என்ன யோசனை?” என்று நிமியா மெல்லச் சொன்னாள். அவன் ஒன்றை அழுத்தினான். குரல் பதிலுக்குச் சொன்ன புது எண்களை அவள் உள்ளிட்டாள். திரை ஏற்றுக்கொண்டது. குரல் நன்றி சொல்லித் துண்டித்துக்கொண்டது.

பிறகு அவன் பையைச் சுருட்டினான். “நல்ல மெஷின். நாலஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல.”

“ம்.”

வாசல்வரை போய்விட்டான்.

“டெர்லிஸ். பாட்டு வரல.”

திரும்பிப் பார்த்தான். திரையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறையில் சத்தம் இல்லை.

“வேலை செய்யறப்ப எனக்குப் பாட்டு வேணும். உனக்குத் தெரியும்.”

மேசையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு அதன் பின்னால் மண்டியிட்டான். இருட்டாக இருந்தது. “லைட் அடி” என்றான். அவள் கைப்பேசியின் விளக்கைப் போட்டு, அவன் பக்கத்தில் குனிந்து பிடித்தாள். ஒட்டடை, மாவுத் தூள், ஒயர்கள். ஒலிபெருக்கியின் ஒயர் மட்டும் துளையிலிருந்து கழன்று, ஒரு விரல் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. புதியதை மேசையில் வைத்தபோதே தானாகக் கழன்றிருக்கலாம். விளக்கு வெளிச்சம் நேராக அதன் முனைமேல் விழுந்து, பளபளவென்று, அசையாமல் நின்றது.

“கஷ்டமா?” என்றாள், காதருகில்.

அவன் ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. “கொஞ்சம் பெரிய வேலை. இன்னிக்கு முடியாது.”

“சரி” என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் விளக்கை அணைக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் ஒயரின் முனை அந்த வெளிச்சத்துக்குள்ளேயே லேசாக ஆடிக்கொண்டிருந்தது.