சபையார் சொல்ல வேண்டியது

கைப்பேசியில் ஞாயிறு ஆராதனை நடத்திக்கொண்டிருந்த பாஸ்டரின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. கருணாகரன் அதைக் கட்டிலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார், பிறகு எரியாத டார்ச் லைட்டைத் தட்டுவதுபோல உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“விட்டுருங்க,” என்றாள் பியூலா. “அது வராது. நீங்க படிங்க.”

“நான் என்னத்தப் படிக்க?”

அவள் கண்ணால் மேசையைக் காட்டினாள். மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே, சர்ச்சிலிருந்து வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்த தாள் மடித்தபடி கிடந்தது. புது வருஷ மறு அர்ப்பணிப்பு ஜெபம். வருஷத்தின் முதல் ஞாயிறன்று சபை முழுவதும் எழுந்து நின்று சொல்வது.

“மத்தியானம் பாஸ்டர் வர்றாருல்ல? அவரே படிக்கட்டும். அவர் படிச்சாத்தான செல்லும்?”

“மத்தியானம்வர...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “எல்லாரும் சொல்ற நேரத்துல சொல்லணும்னு இருக்குங்க. மணி பத்தாகப் போவுது.”

கட்டிலின் கால்மாட்டில் ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்த அமீனா பீ நிமிர்ந்தாள். திருவல்லிக்கேணியிலிருந்து மூன்று மாதமாகத் தினம் வந்து பியூலாவைப் பார்த்துக்கொள்பவள். “படி சார். அம்மா ஆசையா கேக்குது. நல்ல வார்த்ததான எய்திகீது?”

கருணாகரன் தயங்கக் காரணம் இருந்தது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பு, தி.நகரில் அண்ணனுடைய பாத்திரக்கடையில் நின்ற அவரும், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த பியூலாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது பேசிவைத்தது ஒன்றே ஒன்றுதான். அவரை அவள் சர்ச்சுக்குள் கூப்பிடக் கூடாது. அவளை அவர் திருச்செந்தூருக்கு இழுக்கக் கூடாது. இருவரும் மீறியதில்லை. ஞாயிறுதோறும் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். எதிர்க் கடையில் டீ குடித்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, மந்தைவெளி வீட்டுக்குக் கூட்டிவருவார். வருஷத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஆராதனை அரை மணி நேரம் நீளும். இரண்டாவது டீ குடிக்க வேண்டியிருக்கும். உள்ளே அப்படி என்னதான் சொல்கிறீர்கள் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

தாளைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார்.

“குருவானவர்,” என்று கடையில் சரக்குப் பட்டியல் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

பியூலாவின் போர்வை குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அதப் படிக்கக் கூடாது. மெல்லிசு எழுத்து பாஸ்டருக்கு. தடிச்ச எழுத்து சபையாருக்கு. நீங்க மெல்லிசப் படிங்க. தடிச்சது நான்.”

“நீயா தடிச்சது?” என்றார், தலையணைக்குள் பாதி புதைந்து கிடந்த அந்த முகத்தைப் பார்த்து. அமீனா பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கஞ்சி சுடவைக்கப் போனாள்.

அவர் மறுபடி ஆரம்பித்தார். “போன வருஷம் உமக்குக் கொடுத்துவிட்டு, பாதியில் நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டவற்றை நினைத்துப் பார்க்கிறோம்.”

“மறுபடியும் கொடுக்கிறேன்,” என்றாள் பியூலா. தாளைப் பார்க்க அவளுக்கு அவசியம் இருக்கவில்லை.

“எங்கள் கைகளின் வேலையை.”

“மறுபடியும் கொடுக்கிறேன்.”

“எங்கள் உடலின் பலத்தையும் பலவீனத்தையும்.”

“மறுபடியும் கொடுக்கிறேன்.”

“எங்களுக்கு உரியவர்களை.” அவர் நிறுத்தினார். அந்த வரியைத் தனக்குள் இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். “இதுல நானும் உண்டா?”

“பின்ன? நீங்களும் நம்ம சிந்துவும்தான்.”

“எல்லா வருஷமுமா?”

“எல்லா வருஷமும்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. பொறுத்துச் சொன்னாள். “உள்ள நின்னு உங்களக் குடுத்துருவேன். வெளிய வந்தா, கேட்டுக்குப் பக்கத்துல நீங்க பேப்பரக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிப்பீங்க. பார்த்ததும் திரும்ப எடுத்துக்குவேன். பத்து நிமிஷம்கூட ஆண்டவர்கிட்ட விட்டுவச்சதில்ல.”

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே.”

“கேட்டா விட்டுருப்பீங்களா?”

கீழே தெருவில் கோலமாவு விற்பவர் குரல் கொடுத்துக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருமுனை திரும்பியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சொல்லு,” என்றார் அவர். “நீ சொல்ல வேண்டியது நிக்குது.”

பியூலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிற அதே பார்வை.

“மறுபடியும் கொடுக்கிறேன்,” என்றாள்.

அதற்கப்புறம் அவள் கண் மூடிக்கொண்டது. அடுத்த மெல்லிய எழுத்தை அவர் படித்தார், பதில் வரவில்லை. காத்திருந்தார். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. தூங்குகிறாள். பாதியில் விட்டால் எழுந்ததும் கேட்பாள். நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு, தடித்த எழுத்தையும் அவரே தாழ்ந்த குரலில் படித்தார்.

“இந்த வருஷத்தில் எத்தனை நாள் தந்தாலும் அத்தனையும் உம்முடையவை. ஆமென்.”

“ஆமீன்,” என்றாள் அமீனா பீ, கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்று.

பதினொன்றேகாலுக்குப் பியூலா போய்விட்டாள். தூக்கத்திலேயே. அமீனா பீதான் முதலில் கவனித்தாள். விரலை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “சார்,” என்றாள். கருணாகரன் போர்வைக்கு வெளியே கிடந்த பியூலாவின் பாதத்தை மூடிவிட்டார். பிறகு மறுபடி விலக்கி, அதைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கூடவே இருந்துவிட்டு, குழந்தைகளைப் பார்க்க முதல்நாள்தான் நங்கநல்லூர் போயிருந்த மகள் சிந்து, பன்னிரண்டு மணிக்கு வந்தாள். அழுதாள். அழுதபடியே அமீனா பீயோடு சேர்ந்து அம்மாவுக்குச் சேலை மாற்றினாள். ஒரு மணிக்கு பாஸ்டர் வந்தார். இளவயசுக்காரர். அப்பமும் திராட்சரசமும் வைத்த சின்னப் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும் சார். அந்த ஜெபத்தச் சொல்லணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க.”

“சொல்லிட்டோம்,” என்றார் கருணாகரன்.

பாஸ்டர் சிந்துவைப் பார்த்தார். சிந்து அப்பாவைப் பார்த்தாள். பெட்டியை அவரிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார் கருணாகரன்.

உள்ளே போன சிந்து அங்கிருந்து கூப்பிட்டாள். “அப்பா, அம்மாவுக்குப் பூ வைக்கணும். யாரையாவது அனுப்புங்க.”

“நானே போறேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மார்க்கெட் முனையில் ஒரு பூக்காரம்மாதான் வெயிலில் குடையை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

“மல்லியா சார்? எத்தினி மொழம்?”

“ஒரு மொழம் போதும். நெருக்கிக் கட்டுனது வேண்டாம்மா. முடி ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. கனக்கக் கூடாது.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அளக்க எடுத்த மல்லிகையைக் கூடையிலேயே வைத்துவிட்டு, ஈரத்துணிக்கு அடியிலிருந்து கனகாம்பரச் சரம் ஒன்றை உருவினாள்.

“இத்த வாங்கிக்கோ. வெச்சதே தெரியாது.” அவர் உள்ளங்கையில் சரத்தை வளைத்து வைத்தாள். “பாரு, கனக்குதா?”

அவர் கையை நீட்டியபடியே நின்றார். பஸ் ஒன்று ஓரமாக ஒட்டிக்கொண்டு போனது. அந்தக் காற்றில் பூ கையைவிட்டு எழும்பப் பார்த்தது. அவர் மற்ற கையை அதன்மேல் குவித்துக்கொண்டார்.