பதினான்கு வினாடி

ஒரு கார் கதவுக்கு எழுபத்திரண்டு வினாடி என்று கம்பெனிக் காகிதம் சொன்னது. டோர் லைனில் நிற்கிற நாற்பத்து மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஐம்பத்தெட்டில் முடிகிற வேலை அது. மிச்சம் பதினான்கு வினாடி அவர்களுடையது. முதுகை நிமிர்த்த, ஒரு வாய் தண்ணீர் குடிக்க, பக்கத்தில் நிற்கிறவனின் மாமியார் ஊருக்குப் போய்விட்டாளா என்று விசாரிக்க. அதை வைத்து யாரும் மாளிகை கட்டிவிடவில்லை.

அந்தப் பதினான்கு வினாடியைக் காப்பாற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. நேரம் அளக்கிற இன்ஜினியர் தேஜஸ் ஸ்டாப்வாட்சோடு லைனுக்குள் கால் வைத்தால் போதும், நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் வயதாகிவிடும். ஸ்க்ரூ கை நழுவும். கண்ணாடி பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் பீடிங்கைக் காலையிலேயே தகரக் கூரையோரம் வெயிலில் போட்டு இளக்கிவைக்கிற வழக்கம் அன்றைக்கு எல்லோருக்கும் மறந்துபோகும். தேஜஸ் எழுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டு போவான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே தானாகப் புரிந்துவிடும்.

எத்திராஜ் அந்த லைனின் டீம் லீடர். மர்பி டவுன் தமிழன், ஐம்பத்தொரு வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் கோவிந்தப்பா. கன்னடக்காரன், ஆனால் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்ததால் தமிழில் சண்டைகூடப் போடுவான். லைனில் எத்திராஜின் பேச்சைக் கேட்பார்கள், கோவிந்தப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் தலையாட்டினால்தான் எந்தக் காரியமும் நடக்கும்.

கம்பெனி செய்தது மிதிலா என்கிற சின்னக் கார். நல்ல காலத்தில் மாதம் ஒன்பதாயிரம் வண்டி மைசூர் ரோட்டில் இறங்கி ஊர் ஊராகப் போனது. இப்போது தொள்ளாயிரம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். வாரத்தில் மூன்று நாள் வேலை, மற்ற நாட்களில் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்க்க வேண்டியது.

காரணம் என்ன என்று கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஜனங்களுக்கு இப்போது யானை உயரத்துக்கு வண்டி வேண்டும், அதைக் கடன் கொடுத்து வாங்க வைக்க பேங்க்காரன் வாசலிலேயே நிற்கிறான் என்பான் ஒருவன். புகைக்குப் புதுச் சட்டம் வந்து இன்ஜினை மாற்றச் சொன்னபோது முதலாளி மூன்று வருடம் தூங்கினார் என்பான் இன்னொருவன். புது இன்ஜினுக்கு டிசைன் போடுகிற ஷெட் இருந்த இடத்தில் இன்றைக்கு நீச்சல் குளத்தோடு அப்பார்ட்மெண்ட் நிற்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, கடைசியில் இன்ஜினை வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள்.

"இன்ஜின் யாருது? வெளியே வாங்கினது. கியர்பாக்ஸ்? வெளியே வாங்கினது. சீட்டு, லைட்டு, ஒயரு? எல்லாம் வெளியே," என்று கோவிந்தப்பா விரலை மடக்குவான். "நம்மளுதுன்னு மிச்சம் என்னப்பா கீது? கதவு ஒண்ணுதான்."

அது உண்மை. நான்கு வருடத்துக்கு முன் கதவையும் வெளியே கொடுத்துப் பார்த்தார்கள். வேறு மாநிலத்தில் ஒரு சப்ளையர் செய்து அனுப்பினான். அந்த வருட மழையில் வாங்கினவன் மடியெல்லாம் தண்ணீர். கதவு மறுபடியும் இவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. லைனில் அன்றைக்கு எல்லோருக்கும் ஜிலேபி.

இப்படி இருக்கும்போதுதான் ஆகஸ்ட் மாதம் பிளான்ட் மேனேஜர் ஹரிஷ்குமார் எத்திராஜைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சேர் போட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது, அதுவும் பீங்கான் கப்பில். அதிலேயே நம் ஆள் பாதி குளிர்ந்துபோனான். புதிதாக ஒரு கரண்ட் வண்டி வரப்போகிறது, அதை இங்கே செய்வதா வடக்கே இருக்கிற இன்னொரு பிளான்ட்டில் செய்வதா என்று தலைமை ஆபீசில் பேச்சு நடக்கிறது என்றார் அவர். அங்கே ஒரு கதவை அறுபது வினாடியில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நீங்கள் எழுபத்திரண்டில் நின்றால் நான் எந்த முகத்தோடு உங்களுக்காகப் பேசுவது? உங்கள் ஆட்கள் கையில் இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் எத்திராஜ், நீங்கள் சொன்னால் கொடுப்பார்கள். கன்னடத்தில், மிகவும் தணிந்த குரலில் சொன்னார். அவர் அன்றைக்கு மனதறிந்து பொய் சொன்னாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டில் மனைவி சொர்ணத்திடம் சொன்னான். மகள் தீபிகா நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொரு வயது டீம் லீடரை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான் என்கிற பயம் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே சுற்றிக்கொண்டிருந்தது.

"உன் வேலைய நீ பாரு. ஊர் பாரத்தை எல்லாம் என்னாத்துக்குத் தலையில ஏத்திக்கிறே?" என்றாள் சொர்ணம்.

அவன் ஏற்றிக்கொண்டான். மறுநாள் பஸ்ஸில் கோவிந்தப்பாவிடம் பேச்சை எடுத்தான்.

"பேடாப்பா, வேணாம்," என்றான் கோவிந்தப்பா உடனே. "வெளியே போன கதவு ஏன் ஒழுகிச்சு? பீடிங்கை வெயில்ல போடணும்னு அவனுக்குத் தெரியாது. முட்டியால அணைச்சுக்கினு லாக்கைத் தட்டணும்னு தெரியாது. காகிதத்துல இல்லாதது நம்ம கையில கீது. அதைக் குடுத்துட்டா அப்புறம் நாம என்னாத்துக்கு?"

"குடுக்கலேன்னா மட்டும் வெச்சிருப்பாங்களா? புது வண்டி வந்தா இருபது வருஷத்துக்குக் கவலை இல்லடா."

"வரலேன்னா?"

"நான் பொறுப்பு," என்றான் எத்திராஜ்.

இரண்டு வாரம் இதே பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் மற்ற நாற்பத்திரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினான். பிள்ளைகளைச் சொன்னான், வாடகையைச் சொன்னான், வாரம் மூன்று நாள் வேலையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் 'நான் பொறுப்பு' என்று முடித்தான். எல்லோரும் கோவிந்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். பதினைந்தாம் நாள் கோவிந்தப்பா தலையாட்டினான்.

தேஜஸ் வந்தான். இந்தத் தடவை ஸ்டாப்வாட்சோடு முக்காலி வைத்த ஒரு கேமராவும் வந்தது. மூன்று நாள் படம் பிடித்தார்கள். பீடிங்கை எவ்வளவு நேரம் வெயிலில் வைக்க வேண்டும், பள்ளத்தில் சோப்புத் தண்ணீரை எங்கிருந்து தடவ ஆரம்பிக்க வேண்டும், நான்கு ஸ்க்ரூவை உள்ளங்கையில் எப்படி வரிசையாக வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்பக் குனிய வேண்டாம், எல்லாம். கோவிந்தப்பா முட்டியால் கதவை அணைத்து லாக்கைத் தட்டுகிற இடத்தை மட்டும் கேமராவைக் கிட்டே கொண்டுபோய் ஆறு தடவை எடுத்தார்கள். அவன் ஆறு தடவையும் முகம் சுளிக்காமல் செய்து காட்டினான். கடைசி நாள் ஐம்பத்தேழு வந்தது. ஹரிஷ்குமார் மைசூர்பாக் வாங்கி வந்து தன் கையாலேயே கொடுத்தார். எத்திராஜ் அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் ஐம்பத்தேழுதான் கணக்கு. யாருக்கும் தண்ணீர் குடிக்க நேரமில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். புது வண்டி வரட்டும், வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று எத்திராஜ் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நோட்டீஸ் ஒட்டினார்கள். கரண்ட் வண்டி வடக்கே போகிறது. மிதிலாவின் கதவுகளும் இனிமேல் அங்கேயே செய்து வரும். டோர் லைன் மார்ச் முப்பத்தொன்றோடு மூடப்படும். விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் ஆபீசில் கிடைக்கும். விருப்பமாம்!  ஆட்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு அடுத்தவன் படிக்க வழிவிட்டு நகர்ந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஹரிஷ்குமார் எத்திராஜைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு பெண் குரல் ஹிந்தியில் நிதானமாகப் பேசியது. காட்டப்பட்ட கைகள் யாருடையவை என்று எத்திராஜுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகம் எதிலும் இல்லை. முழங்கைக்குக் கீழே, அங்கங்கே ஒரு முட்டி, அவ்வளவுதான். கோவிந்தப்பாவின் முட்டி கதவை அணைக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார்கள். அங்கே இருக்கிற காண்ட்ராக்ட் ஆட்கள் இதைப் பத்து நாள் பார்த்துவிட்டு அறுபத்திரண்டுக்கு வந்துவிட்டார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை என்றார் ஹரிஷ்குமார். பெருமையாகச் சொல்லவில்லை. அவருக்கும் மார்ச்சுக்கு மேல் வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை என்று அவர் முகமே சொல்லிற்று. பிறகு, ஆறு மாதம் அங்கே வந்து மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் கேட்கிறார்கள், உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, எத்திராஜ் நாற்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து வைத்துவிட்டு அந்தச் சேரில் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. ஆனால் வாய் வேறொன்று சொன்னது.

"யோசிச்சு சொல்றேன் சார்."

ஷிப்ட் முடிந்து கோவிந்தப்பா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். கிரீஸ் போக மரத்தூளையும் சோப்புப் பொடியையும் போட்டுத் தேய்ப்பது அங்கே வழக்கம். எத்திராஜ் பக்கத்தில் போய் நின்றான். வீடியோவைப் பற்றிச் சொன்னான். அறுபத்திரண்டைச் சொன்னான். கைகளைச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்பா," என்றான் கோவிந்தப்பா, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"என்னா தெரியும்?"

"கேமரா கொண்டாந்தாங்களே, அன்னிக்கே தெரியும். நேரம் அளக்க வர்றவனுக்கு வாட்ச் போதும். கேமரா என்னாத்துக்கு?"

எத்திராஜ் அவன் முகத்தைப் பார்த்தான். "தெரிஞ்சும் ஏன்டா காட்டினே?"

"நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா மத்தவங்களும் சொல்லியிருப்பாங்க. நாப்பத்திரண்டு பேரு ஒரு பக்கம், நீ ஒருத்தன் ஒரு பக்கம் நின்னிருப்பே. இருபத்தாறு வருஷம் கூட நின்னவன். அப்படி உன்னை விட்டுட மனசு வரலே."

"என்னைத் திட்டுடா. ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சுடு."

"எதுக்கு? நீ காசு வாங்கிக்கினா பண்ணே? நல்லது ஆவும்னு நம்பினே. போனது போச்சு." கோவிந்தப்பா ஈரக் கையால் அவன் தோளைத் தொட்டான். "நாளைக்கு சாப்பாட்டு டைம்ல எல்லார்கிட்டயும் நானே பேசறேன். நீ சும்னிரு, வாயைத் தொறக்காதே. உன்னை ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அங்கேயே முடிந்திருந்தால் எத்திராஜ் எப்படியோ பிழைத்திருப்பான். ஆனால் தோள்மேல் அந்தக் கை இருக்கும்போது மறைக்க முடியவில்லை.

"என்னை அங்க கூப்பிடுறாங்க. ஆறு மாசம். அவங்க வேலையை மேற்பார்வை பாக்க."

"இல்லேன்னு சொல்லிட்டேல்ல?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

கை தோளிலிருந்து இறங்கியது. கோவிந்தப்பாவின் முகம் இத்தனை வருடத்தில் எத்திராஜ் பார்த்திராத மாதிரி வெறுமையாகிவிட்டது. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடினான். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"தெரிஞ்சே உனக்காகக் குடுத்தேன்," என்றான். "எங்களுக்காக ஒரு வார்த்தை, அதைக்கூட உன்னால அங்கியே சொல்ல முடியலையாப்பா?"

பதிலுக்கு நிற்கவில்லை. பஸ்ஸைப் பார்த்து நடந்தான். டிரைவர் ஹாரன் அடித்தார், ஒவ்வொருவராக ஏறினார்கள்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அறைக்குப் போய், நான் வரவில்லை சார் என்று சொல்லிவிடலாம் என்று எத்திராஜ் நினைத்தான். வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தான். சொர்ணம் நினைவுக்கு வந்தாள், தீபிகா நினைவுக்கு வந்தாள். தான் அதைச் சொல்லப்போவதில்லை என்பது அந்தக் குழாயடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.