எட்டு கேன் நல்ல தண்ணி

கடலை இடம் மாற்றுவது மனிதனால் ஆகிற காரியமல்ல. மலையைக் குடையலாம், ஆற்றைத் திருப்பலாம். கடல் அது இருக்கிற இடத்தில்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட கடலை, வீடு மாறுகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிக் காட்டப்போவதாகக் கேப்டன் அறிவித்திருந்தார். கடலின் நீளம் நான்கடி, அகலம் ஒன்றரை. அதுநாள்வரை டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

கேப்டன் கப்பலில் ஏறியவரல்லர். காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர். பவளத் தொட்டி வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவரானதும் ஒட்டிக்கொண்ட பெயர் அது, ஒட்டியவரும் அவரே. விரலை நனைத்து நாக்கில் வைத்தால் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வரை சொல்வேன் என்பார். யாரும் மறுத்ததில்லை. உப்பு அளக்கும் கருவி சங்கத்தில் அவரிடம் மட்டுமே இருந்தது.

தொட்டியில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன். அதில் பெண் மீனுக்கு ராணி என்று பெயர். ஏழு வருடமாக அவர் கை தண்ணீருக்குள் போனால் ஓடிவந்து கடிக்கும். வீட்டில் அவருக்கு அஞ்சாதவர்கள் இரண்டு பேர், இன்னொருவர் மனைவி. ஓர் உயிர்கூடச் சாகாது என்று சங்கத்துக்கு எழுதியே கொடுத்திருந்தார். ராணியை நினைத்து மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

“முதல்ல ஹீட்டர். தண்ணி இறங்கறப்ப அது சூடா இருந்தா பட்டுனு வெடிச்சிரும். அணைச்சு அரை மணி நேரம் ஆறணும். விதி ஒண்ணு,” என்றார் கேப்டன்.

“மொத்தம் எத்தனை விதி மாமா?” என்றான் மைத்துனன். வேன் அவனுடையது.

“முப்பத்தெட்டு.”

“சாப்பாடு எத்தனாவதுல வருது?”

கேப்டன் ஹீட்டர் ஆறியதா என்று தொட்டுப் பார்த்தார். குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையைக் கேனில் விட்டார். தண்ணீர் சலசலவென்று இறங்கத் தொடங்கியதும் நான்கு அறையும் பரபரத்தது. மேலே தெளிந்திருந்த தண்ணீர் எட்டு கேன். அடியில் கலங்கியது இரண்டு வாளி. பழைய தண்ணீரும் கூடவே போனால்தான் மீன் புது இடத்தில் தங்கும் என்பதால், மாறிவிடக் கூடாதென்று கேப்டன் தாமே தடித்த எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். கேன்களில் ‘நல்ல தண்ணி’. வாளிகளில் ‘கெட்ட தண்ணி’. வாளிகளை மைத்துனன் கீழே கொண்டுபோய்க் கொட்டினான்.

பவளங்கள் தனித்தனி டப்பாவில் தண்ணீருக்குள்ளேயே பயணப்பட்டன.

“ஒண்ணையொண்ணு தொட்டா கொட்டிக்கும்,” என்றார் கேப்டன்.

“உங்க அண்ணன் தம்பிங்க மாதிரியா?” என்றாள் மனைவி.

மீன்கள் கடைசி. கல்லெல்லாம் எடுத்த பிறகு, நான்கு விரல் தண்ணீரில் ஒளிய இடமில்லாமல் நின்றாள் ராணி. வலை போட்டால் செதில் உரியும் என்று பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டார். டப்பாவுக்குள் போகுமுன் ஒரு கடி. “நல்லா இருக்கா,” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

முதல் நடையில் எட்டு கேனும் மனைவியும் போய்ச் சேர்ந்தார்கள். புது வீட்டுக் குழாயில் நாளைக்குத்தான் தண்ணீர் வரும். அவள் கேன்களின் சீட்டைப் படித்தாள். குடிக்கிற தண்ணீரைப் பற்றி இந்த மனுஷன் யோசித்தது கல்யாணமான இத்தனை வருடத்தில் இதுவே முதல் தடவை. மனம் குளிர்ந்து, இரண்டு கேனைத் தூக்கி அடுப்படி அண்டாவில் ஊற்றி மூடி வைத்தாள்.

மதியம் காலித் தொட்டியும் கேப்டனும் வந்து இறங்கினார்கள். ராணியின் வாளி அவர் மடியில், பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயோடு. சங்கச் செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தார். புது மணல் பரப்பி, கல்லடுக்கி, கேன் கேனாக ஊற்றினார்கள். மனைவி நான்கு டம்ளரில் டீ கொண்டுவந்தாள்; பால் கொஞ்சம் கெட்டி, அதனால் ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்திருந்தாள். கேப்டன் ஒன்றை வாங்கிக்கொண்டு, “கருவியெல்லாம் சும்மா. நாக்குதான் கருவி. எழுதிக்குங்க,” என்று செயலாளரிடம் தொடர்ந்தார். செயலாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்காக முகத்தை மாற்றாமல் எழுதினார்.

ஆறாவது கேனோடு தண்ணீர் நின்றது. தண்ணீர் வழிந்து மோட்டாருக்குப் போகிற ஓட்டைக்கு இன்னும் ஒரு சாண் வேண்டும்; அதை எட்டாமல் மோட்டார் ஓடாது.

“ஏழாவது கேன் எங்க?”

வாசலில் மைத்துனன் துப்பிக்கொண்டிருந்தான். “அக்கா, டீக்கு யாராவது உப்புப் போடுவாங்களா?”

“நான் எங்கடா போட்டேன்? நல்ல தண்ணியிலதான் போட்டேன்,” என்று அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எந்த நல்ல தண்ணி?” என்றார் கேப்டன்.

“எழுதி ஒட்டியிருந்தீங்களே, அதுதான். குடிக்கத்தானேன்னு அண்டாவில ஊத்தினேன்.”

வாளியில் காற்றுக் குழாய் விக்கியது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. ராணி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

“அண்டா பித்தளையா?” என்றார் கேப்டன். “பித்தளையில செம்பு இருக்கு, அது பட்டா பவளம், இறால் ஒண்ணும் மிஞ்சாது.”

“மீனுக்கு ஆகாதுன்னு பித்தளை அண்டாவ நீங்கதானே எடைக்குப் போட்டீங்க. இது எவர்சில்வர்.”

“சோப்பு?”

“கழுவத் தண்ணி ஏது? துணியால துடைச்சேன்.”

கேப்டன் அடுப்படிக்கு ஓடினார். நாக்கை நம்பாமல் கருவியை எடுத்து அளந்தார். உப்பு முப்பத்தைந்து. அப்படியே இருந்தது. அடுப்படியிலிருந்து கூடம்வரை நால்வரும் வரிசையாக நின்று சொம்பு சொம்பாகக் கைமாற்றினார்கள். செயலாளரின் நோட்டு நனைந்தது. “கொட்டாதீங்க, நல்ல தண்ணி,” என்று மைத்துனன் கத்த, மனைவி சிரித்த சிரிப்பில் ஒரு சொம்பு பாதியானது. தண்ணீர் ஓட்டையைத் தொட்டது. மோட்டார் உறுமியது. கல்லிடுக்கிலிருந்து குமிழிகள் எழும்பின. வாளித் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் மெல்லக் கலந்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்தபின், ராணியை உள்ளே விட்டார். அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். திரும்பி வந்து விரலைக் கடித்தாள்.

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “உயிர்ச்சேதம் இல்லைன்னு எழுதுங்க. மாற்றுப் பாத்திரம், விதி முப்பத்தொன்பது. உப்பு துளிகூட மாறலை. எனக்கு நாக்குலயே தெரிஞ்சுது.”

செயலாளர் எழுதினார். மனைவி டம்ளர்களை எடுக்க வந்தாள். மூன்று டம்ளரில் ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. நாலாவது கேப்டனுடையது. அது காலியாக இருந்தது.