திரும்பி வந்த சந்தூக்கு

ஷௌக்கியின் மையித்தைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி அடக்கத்துக்காக மையவாடிக்குப் போக மறுத்தபோது அங்கே இருந்தவர்கள்: தூக்கிய நான்கு பேர், இறந்தவரின் தம்பி மம்தூஹ், பள்ளிவாசல் இமாம், கட்டடக் காவலாளி ஸாபிர், இஸ்திரிக் கடைக்காரர், பாகோஸ் நிறுத்தத்தில் நகர முடியாமல் நின்ற டிராமும் அதிலிருந்த அறுபது பேரும். ஹில்மி அங்கே இல்லை. மூன்றாவது மாடிப் பால்கனியில் நின்றிருந்தார். கீழே வரக் கூடாது என்று மம்தூஹ் சொல்லியிருந்தான்.

ஷௌக்கி டிராம் ஓட்டியவர். அவரும் ஹில்மியும் இருபத்துமூன்று வருஷம் அந்த மூன்றாம் மாடியில் ஒன்றாக வாழ்ந்தார்கள். அக்கா தங்கை பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டார்கள், தெருவும் அப்படியே சொன்னது. ஒரு வருஷம் போலீஸ் காபிக் கடைகளில் ஆண்களை அள்ளிக்கொண்டு போனதில் ஹில்மி ஒழுக்கக்கேடு வழக்கில் இரண்டு வருஷம் உள்ளே இருந்தார். ஷௌக்கி வாரம் தவறாமல் சோறும் பொரித்த மீனும் கொண்டுபோனார். பார்க்க வந்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில் பெரியம்மா மகன் என்று எழுதினார். வெளியே வந்த ஹில்மியை எந்த அலுவலகமும் வேலைக்கு எடுக்கவில்லை. தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை, அவருக்கு சலாம் சொல்வதை நிறுத்தவுமில்லை. எங்கள் தெருவின் மரியாதை அவ்வளவுதான்.

சந்தூக்கு ரொட்டிக் கடை வரை ஒழுங்காகப் போனது. அங்கே திரும்பி, தூக்கியவர்களை இழுத்துக்கொண்டு கட்டட வாசலுக்கே வந்து நின்றது. மூன்று முறை இப்படி ஆனது. கசாப்புக் கடையிலிருந்து பலசாலிகள் நான்கு பேரை மாற்றிப் பார்த்தார்கள். அவர்களுடைய செருப்புதான் தேய்ந்தது. இறைநேசர்களான அவுலியாக்களின் சந்தூக்கு இப்படிச் செய்வதுண்டு என்றார் இமாம். பெண்கள் குலவையிட்டார்கள். ஸாபிர்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

“மூணாவது மாடிக்காரரக் கூப்பிடுங்கப்பா. வெயில்ல மையித்து நிக்குது, என்னமோ கல்யாண ஊர்வலம் பாக்குற மாதிரி நிக்கிறீங்க.”

ஹில்மி வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து முன்பக்க இடது கம்புக்குத் தோள் கொடுத்தார். சந்தூக்கு ரொட்டித் தட்டைவிட லேசாக நகர்ந்தது. மையவாடி வரை அவர் தோள் மாற்றவில்லை. டிராம் பதினேழு நிமிஷம் தாமதம்.

நாற்பதாம் நாளுக்குள் ஷௌக்கியின் அறையில் பச்சைத் துணி விரித்தாயிற்று. பதினோரு வருஷம் பிள்ளையில்லாத மீன்காரி அங்கே வேண்டிக்கொண்டு கர்ப்பமானாள். வீட்டை விற்க வந்த மம்தூஹ் மனதை மாற்றிக்கொண்டான். அவனும் இமாமும் ஸாபிரும் ஹில்மியை உட்காரவைத்துப் பேசினார்கள். வீடு தர்காவாக இருக்கும். ஹில்மி சாகும்வரை அங்கேயே இருக்கலாம், வாடகை வேண்டாம், போலீஸும் இனி அண்டாது. யார் கேட்டாலும் அவுலியாவின் பணியாள் என்று சொன்னால் போதும். ஹில்மிக்கு அப்போது அறுபத்தொரு வயது. போக வேறு இடம் கிடையாது.

“அவன் அவுலியா இல்ல” என்றார். “குறட்ட விடுவான். பொறாமக்காரன். டிராம்ல ஓசியில தொத்துறவனப் பாத்தா வாயில கெட்ட வார்த்ததான் வரும். அவன் என் ஆளு. அதனாலதான் என்கிட்ட வந்தான். ஒரே ஒரு தடவ நீங்க அதச் சொல்லுங்க, ஆயுசுக்கும் இங்க கூட்டிப் பெருக்குறேன்.”

மம்தூஹ் சுவரைப் பார்த்தான். இமாம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“தெரியும்ணே” என்றான் ஸாபிர். “எல்லாருக்கும் தெரியும். எங்களச் சொல்ல மட்டும் வைக்காதீங்க.”

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் எந்த ஜனாஸா ஊர்வலம் போனாலும் கட்டட வாசலில் ஒரு நிமிஷம் தானாக நிற்கிறது. தூக்குபவர்கள் அங்கே தோள் மாற்றிக்கொள்கிறார்கள். வசதியான இடம். மீன்காரியின் பையனுக்கு ஷௌக்கி என்று பெயர் வைத்து, அவன் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான். ஹில்மியை மட்டும் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பேசிய அன்றே அவர் கம்பளிக் கோட்டையும் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். முதல் திருப்பத்தை அவர் தாண்டுவதற்குள் மம்தூஹ் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினான்.