கசக்கிய தாள்கள்

வீடு உறங்கிய பிறகு, லக்ஷாயினி போர்வைக்குள் புகுந்து கிண்ணியாவிலிருக்கும் தோழி பஸ்மியாவுக்கு அழைத்தாள்.

"என்னடி, களவெடுத்தவள் மாதிரிக் குசுகுசுக்கிறாய்?"

"களவெடுத்தனான்தான்."

பஸ்மியா சிரித்தாள். லக்ஷாயினி அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

வெளிநாட்டு ஓவியக் கல்லூரி, நல்ல படங்களோடு பிழையாகிப்போன முயற்சிகளையும் அனுப்பச் சொல்லியிருந்தது. பிழையானதை உடனே கிழித்தெறிந்து பழகிய லக்ஷாயினியிடம் அப்படி ஒன்றுமே இல்லை. இருவரும் துறைமுகத்தடியில் படகுகளை வரைந்த நாட்களில் பஸ்மியா கசக்கி எறிந்த தாள்களை லக்ஷாயினி பொறுக்கி, நீவி, தன்னுடையவை என்று அனுப்பிவிட்டாள். இன்று இடம் கிடைத்துவிட்டது. அப்பா தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டார்.

"குப்பையத்தானே எடுத்தாய்? அதுக்கு ஏன் அழுறாய்?"

"என்ர படங்களைப் பற்றி அவையள் ஒண்டுமே கதைக்கேல்ல. அந்தக் குப்பையைப் பாத்துத்தான் இடம் தந்தவை. ஒவ்வொரு கோடும் கடலைத் தேடுதாம்."

பஸ்மியாவின் சிரிப்பு நின்றது.

"இன்னொருக்காச் சொல்லு."

லக்ஷாயினி சொன்னாள்.

"என்ட கையப் பற்றி ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லடி." என்றாள் பஸ்மியா. "நீ போ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவள் திட்டியிருந்தால் லக்ஷாயினி தாங்கியிருப்பாள்.

"ஏலாதடி. விடிய அவையளுக்கு உன்ர பேரைச் சொல்லப்போறன்."

"விசரி! இடம் போயிடும்."

"ஓம்," என்றாள் லக்ஷாயினி. பிறகு அப்பாவை எழுப்பப் போனாள்.